ஐம்பத்து நாலில் துடித்த விரல்

அத்தியாயம் 6

"ஏமாத்தியிருந்தா நல்லதுங்க" என்றாள் நிர்மலாதேவி.

முப்பது வருஷம் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். பிறகு திருட்டு மாடு தேடிக் கொடுக்க ஆரம்பித்து, அப்படியே திருட்டு மனுஷனையும் தேட ஆரம்பித்து, முனிராஜ் என்றால் துப்பறிகிற ஆள் என்று பேராகிவிட்டது. ஏமாந்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்தவர்கள் ஏகப்பட்ட பேர். ஏமாந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளை அன்றுதான் பார்த்தேன்.

"வெளங்கலம்மா" என்றேன்.

ஏரியூருக்குத் தெற்கே, சோளக்காட்டை ஒட்டின ஓட்டு வீடு அது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வயது நாற்பத்தாறு. ஆறு வருஷமாக மனச்சோர்வு. நாலு தினுசு மாத்திரை மாற்றியும் தீரவில்லை. தர்மபுரியில் ஒரு கிளினிக்கில் தலைமேல் காந்தம் வைத்து மூளையைத் தட்டி எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவள்தான் தினமும் பஸ்ஸில் கூட்டிப் போய் வந்திருக்கிறாள்.

"முப்பது தடவைங்க" என்றாள். "முடிஞ்சதும் டாக்டரு கூப்பிட்டாரு. 'உங்க மூளையப் படமெடுத்து, உங்களுக்குன்னே அளவெடுத்துக் குடுத்தாச்சு. உங்க மூளை ஏத்துக்கல. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாருங்க. அன்னைக்குப் படுத்தவருதான். இன்னையோட மூணு நாளு, ஒரு வாய் எறங்கல. அவரு அளந்து குடுத்தது நெசம்னா, இவருக்கு இனி வழியில்ல. ஏமாத்தியிருந்தா, இன்னும் வைத்தியமே பாக்கலன்னுதானுங்களே அர்த்தம்? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இவரு நம்பற மாதிரி சொல்லுங்க."

மூணாம் கிளாஸ் தாண்டாத என் மண்டைக்கும் அது விளங்கியது.

கிருஷ்ணப்பன் பார்த்துக்கொண்டிருந்த சுவரில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மூளைப் படம் தொங்கியது. பச்சை, மஞ்சள், ஒரு ஓரத்தில் சிவப்பு. கீழே இங்கிலீஷில் அவன் பேர். கிளினிக்கில் கொடுத்தது.

"எந்த எடம் செத்துப்போச்சுன்னு பாத்துக்கிட்டே கெடக்கறாருங்க" என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் வலது கைமேல் ஒரு துண்டு கிடந்தது. சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. சந்தையில் ஒரு மாடாவது விற்ற விவசாயிக்கு இந்தப் பேச்சு மறக்காது. அந்த நினைப்பில் துண்டுக்குள் கையை விட்டேன்.

"ஒரு உருண்டை களி தின்னு கிருஷ்ணப்பா. என்ன சொல்ற?"

சில்லென்று நாலு விரல் என் உள்ளங்கையில் கிடந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை.

"எம் மூளையே வேணாங்குதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

வெளியே என் கூட்டாளி முனாப் நின்றிருந்தான். காரிமங்கலத்தில் தையல்கடை வைத்திருப்பவன். ஐம்பது வயதாகியும் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எனக்கு ஆளைப் படிக்கத் தெரியும். அப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

தர்மபுரி பஸ்ஸில் கேட்டேன். "காந்தம் வெச்சா மனசு சரியாவுமாடா முனாப்பு?"

"எங்க வூட்டு ஃபிரிட்ஜுல ஏழெட்டு காந்தம் ஒட்டி வெச்சிருக்காங்கண்ணா. ஃபிரிட்ஜு இதுவரைக்கும் ஒரு நாளும் அழுததில்ல."

"மிஷினே டூப்பு. சத்தம் மட்டும் வரும். நீ வேணா பாரு."

"கண்ணால பாக்காமயே தீர்ப்பா? அண்ணன ஜட்ஜு ஆக்கியிருந்தா கோர்ட்டுல கேசே பாக்கி இருந்திருக்காது."

நான் சிரிக்கவில்லை. கிழட்டு மாட்டின் பல்லை ராவி வயசைக் குறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். ரெண்டு நாள் பால் கறக்காமல் மடியை ஊதவைத்துக் கொண்டுவருகிறவனைப் பார்த்திருக்கிறேன். அவனாவது மாட்டைத்தான் விற்கிறான். சாகிற நினைப்பில் வருகிறவனிடம் வெறும் சத்தத்தை விற்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிளினிக் வாசலிலேயே பெரிய போர்டு. 'உங்கள் மூளைக்கு மட்டும், உங்களுக்கென்றே அளவெடுத்த சிகிச்சை.' உள்ளே குளிர். மல்லிகைப்பூ வாசம் அடித்தது, பூ ஒன்றும் இல்லை, சுவரில் மாட்டின டப்பா புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மீன் தொட்டி. அதைச் சுற்றி நாலைந்து பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீன்களுக்கு வேளாவேளைக்கு இரை போடுகிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த மனுஷர்களை நிமிர்ந்து பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை.

கிருஷ்ணப்பனின் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டேன். டாக்டர் ஆரோக்கியராஜ் எங்களை உள்ளே கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைப் பல். முனாப் கை கொடுத்தான். கொடுத்த கையை விட்டதும் டாக்டர் பாட்டிலை அழுத்தி மருந்துத் தண்ணி போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பாருங்க பெரியவரே, நூறு பேருக்குக் குடுத்தா நூறு பேருக்கும் கேக்காது. கிருஷ்ணப்பன் நான்-ரெஸ்பாண்டர். ஏத்துக்காத மூளை. எங்க சைடுல ஒரு குறையும் இல்ல."

"ஆளுக்கு ஆள் அளவெடுக்கறதா போர்டுல இருக்குதுங்களே."

"அதான் எங்க ஸ்பெஷாலிட்டி. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி. காந்தத்தை எந்த எடத்துல வைக்கணும், எவ்வளவு வேகத்துல குடுக்கணும், எல்லாம் அளந்துதான்."

பக்கத்து அலமாரியில் வெள்ளைத் துணித் தொப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பேர், ஒரு கறுப்புப் புள்ளி. காந்தம் வைக்கிற இடமாம். முனாப் கேட்காமலே கிருஷ்ணப்பன் பேர் போட்ட தொப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். என் காதருகே வந்தான்.

"அண்ணா, நான் ரம்ஜானுக்கு வருசா வருசம் தொப்பி தைக்கிறவன். தேங்காயெண்ண தேச்ச தல. முப்பது தடவ ஏறின தொப்பின்னா உள்ள பழுப்பேறியிருக்கோணும். இது மாப்பிள்ள வேட்டி கணக்கா பளபளங்குது."

டாக்டருக்குக் காது கூர்மை. "தெனமும் துவைக்கிறோம் சார். ஹைஜீன்" என்றார். "அந்த மை அழியாத மை."

முனாப் தொப்பியை மடித்து வைத்தான்.

"மிஷின் மேலயே நம்பிக்கை இல்ல போலிருக்கே பெரியவருக்கு?" டாக்டர் சிரித்தார். "வாங்க, காட்டுறேன். யார் தலையைத் தர்றீங்க?"

"என்னுத எடுத்துக்கங்க. அதிகம் உபயோகமில்லாத தல" என்றான் முனாப்.

பக்கத்து அறையில் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் பானுமதி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், அவன் வலது கையை ஒரு தலையணைமேல் மலர்த்தி வைத்தாள்.

"அண்ணா, எப்பவாச்சும் வலிப்பு வந்திருக்குதுங்களா? தலைக்குள்ள இரும்பு, கம்பி ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

"தலைக்குள்ள எதுவுமே இல்லம்மா. எங்க வாத்தியாரே பலதடவ சொல்லியிருக்காரு."

"அதெல்லாம் எதுக்கு பானு? ரெண்டு தட்டுதானே" என்று டாக்டர் கையை வீசினார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முகம் மாறியது. அதை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எட்டு எண்ணைப் போல வளைந்த ஒரு காந்தக் கைப்பிடியை அவன் தலையில் வைத்தாள். டக். ஒன்றும் இல்லை. வேகத்தைக் கூட்டினாள். டக். ஒன்றும் இல்லை. இடத்தை ஒரு நூல் நகர்த்தினாள். டக்.

முனாப்பின் கட்டைவிரல் துள்ளியது.

அவன் அதை அடுத்தவன் விரலைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அண்ணா, நான் ஆட்டல."

டக். மறுபடி துள்ளியது.

"அல்லா சத்தியமா நான் ஆட்டலண்ணா!"

"அறுபத்தொண்ணு" என்றாள் பானுமதி. "அண்ணனோட அளவு அறுபத்தொண்ணுங்க. வேற ஒருத்தருக்கு நாப்பத்தஞ்சுலயே துடிக்கும், இன்னொருத்தருக்கு எழுவது ஆவும். கட்டைவெரலு எந்த அளவுல துடிக்குதோ, அத வெச்சுத்தான் அவருக்கு வைத்தியத்தோட வேகம். துடிச்ச எடத்தையும் படத்தையும் வெச்சுத்தான் காந்தம் எங்க வெக்கறதுன்னு குறிக்கறது."

மிஷின் டூப்பு என்று அடித்துப் பேசிக்கொண்டு வந்தவன் நான். மிஷின் நிஜம். அப்படியானால் வைத்தியமும் நிஜம். கிருஷ்ணப்பனுக்கு வழியில்லை என்பதும் நிஜம். ஏரியூருக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்பிள்ளையிடம் என்ன சொல்வது?

"இந்த அளவு எடுக்க எத்தினி நேரம் ஆவும்மா?"

"எல்லாம் சேந்து ஒரு மணி நேரம் ஆவுங்க. மொத நாளு டாக்டரே எடுப்பாரு. அடுத்த நாளுல இருந்து அட்டையில என்ன இருக்குதோ அதப் பாத்து நாங்க குடுப்போம்."

"கிருஷ்ணப்பன் அட்டைய ஒருக்கா காட்டுங்க. பாத்துட்டுக் கெளம்பறோம்" என்றேன்.

டாக்டர் பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்தார். முனாப் எழுத்துக்கூட்டிப் படித்தான். "கிருஷ்ணப்பன். நாப்பத்தாறு வயசு. வலது கட்டைவிரல். அம்பத்து நாலு. கீழ டாக்டரு கையெழுத்து."

வலது கட்டைவிரல்.

என் உள்ளங்கை சில்லென்றது. ஏரியூர்க் கட்டிலில் துண்டுக்குள் கிடந்த விரல்கள். நாலு. ஐந்தாவது மடங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். முப்பது வருஷம் துண்டுக்குள் விரலை எண்ணியே சோறு தின்றவன், அன்றைக்கு எண்ணாமல் விட்டிருக்கிறேன். தூ.

சந்தையில் ஒரு பழக்கம் உண்டு. மாட்டில் குறை கண்டுபிடித்துவிட்டால் உடனே சொல்லக்கூடாது. அந்த மாட்டை அவன் வாயாலேயே இன்னும் நன்றாகப் புகழவிட வேண்டும்.

"அம்பத்து நாலுல துடிச்சுதுங்களா டாக்டரு?"

"ஆமா."

"லேசா துடிச்சுதுங்களா, நல்லா துடிச்சுதுங்களா?"

"நல்லாவே. இப்ப உங்க ஆளுக்குத் துள்ளிச்சு பாத்தீங்கல்ல, அதே மாதிரி."

"எந்நேரமும் கையில துண்டு போத்தியிருப்பானே எங்க பையன்?"

"எடுக்கச் சொல்லித்தான் பாத்தேன். அது ப்ரொசீஜர்."

"உங்க கண்ணால பாத்தீங்க."

"என் கண்ணாலதான். என்ன பெரியவரே, போலீஸ் மாதிரி கேக்குறீங்க?"

"போலீசு இல்லீங்க. மாட்டுத் தரகு." முனாப்பிடம் கை நீட்டினேன். "டேய், நிர்மலாதேவிக்குப் போனப் போடு. சத்தம் வெளிய கேக்கற மாதிரி."

மணி அடித்தது. எடுத்தாள்.

"அம்மா, முனிராஜ் பேசறேன். உன் வூட்டுக்காரருக்கு வலது கையில எத்தினி வெரலு?"

"நாலுங்க." அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "சோளத்தட்டு வெட்டற மிஷின்ல கட்டைவெரலு போயி பதினோரு வருசம் ஆச்சுங்களே. ஏனுங்க?"

"அப்பறம் சொல்றேம்மா. வெக்கட்டா."

மீன் தொட்டியில் குமிழி வருகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"இல்லாத வெரலு துள்ளியிருக்குது" என்றான் முனாப் மெதுவாக. "பதினோரு வருசம் கழிச்சு ஏரியூருல இருந்து நடந்து வந்து துள்ளிட்டுப் போயிருக்குதுங்கண்ணா."

டாக்டரின் வெள்ளைப் பல் உள்ளே போனது. "ஃபைல் மாறியிருக்கும். யாரோட அட்டையோ..."

"யாரோடதுங்க?"

பானுமதி இழுப்பறையைத் திறந்தாள். அட்டைகளை எடுத்து, பேரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு.

"பானு! வேலை வேணுமா, வேணாமா?"

"நான் சேந்து ரெண்டு மாசந்தான் சார். எல்லாருக்கும் ஒரே நம்பரான்னு மொத வாரமே கேட்டேன். சராசரின்னீங்க. வலிப்பு இருந்தா இந்தக் காந்தம் ஆபத்து, அத இந்த அண்ணங்கிட்ட கேக்கறதுக்கே எதுக்குன்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அடியிலிருந்து கடைசி அட்டையை உருவினாள். நம்பர் ஒன்று. மூலை மடங்கியிருந்தது. இதில் பேரை அவள் மறைக்கவில்லை. முனாப் வாங்கிப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

"வலது கட்டைவிரல், அம்பத்து நாலு. பேரு... ஆரோக்கியராஜ்."

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"மிஷின் வந்த அன்னிக்குக் கம்பெனிக்காரங்க இவரு தலையில வெச்சுத்தான் சொல்லிக் குடுத்தாங்களாம்" என்றாள் பானுமதி. "அந்த அட்டையத்தான் பேரை மட்டும் மாத்தி எல்லாருக்கும் அடிச்சிருக்காரு. நம்பரும் அவருது. புள்ளி வெச்ச எடமும் அவருது. வூட்டுக்குக் குடுத்து அனுப்பற கலர்ப் படமும் அவரு மூளைதாங்க."

"தையல் சுத்தம்ண்ணா" என்றான் முனாப். "போர்டும் பொய்யில்ல. ஒருத்தருக்கு மட்டுமே அளவெடுத்து அருமையா தச்சிருக்காங்க. அந்த ஒருத்தரு டாக்டரு."

ஆரோக்கியராஜ் உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். பெரும்பாலும் எல்லாருக்கும் இடம் கிட்டத்தட்ட அதேதானாம். ஐம்பத்து நாலு மோசமான நம்பர் இல்லையாம். ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிறார்களாம், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் கட்டுப்படியாகுமா என்று என்னிடமே கேட்டார். சில பேருக்கு நல்லாகியும் இருக்கிறதாம். அதையும் சொன்னார். இருக்கும். மழை பெய்கிற அன்றைக்கு விதைத்தவன் எல்லாம் கெட்டிக்காரன்தான்.

"அவருக்கு மறுபடி முப்பது தடவை நானே குடுக்குறேன். இலவசமா" என்றார் கடைசியில்.

அந்தப் பூ இல்லாத பூ வாசம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மனுஷனின் துண்டை விலக்கிக் கையைப் பார்க்க இந்த ஆளுக்கு நேரம் இல்லை. முப்பது நாளும் அந்தக் கை இவர் நாற்காலியில்தான் கிடந்தது. அளவெடுக்காத தன் குற்றத்தை அவன் மூளைமேல் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அவன் அதை நம்பி வீட்டில் சுவரைப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறான். பல்லை ராவுகிறவன் எவ்வளவோ தேவலை. அவன் மாட்டின் வாயையாவது திறந்து பார்க்கிறான்.

"உன் இலவசத்த உன் மீனுக்குப் போடு" என்றேன். மரியாதை அதற்கு மேல் வரவில்லை.

முனாப் ரெண்டு அட்டையையும் போனில் படம் பிடித்தான். புகார் எங்கே கொடுப்பது, எப்படி எழுதுவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான். பானுமதி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு வெளியே வந்தாள். அந்த டப்பா வாசம் இல்லாத காற்றில் நின்று சொன்னாள்.

"நான் பெங்களூருல பெரிய ஆஸ்பத்திரியிலதான் வேல கத்துக்கிட்டேனுங்க. அங்க ஒழுங்கா அளப்பாங்க. கட்டைவெரலு இல்லாட்டி ஆள்காட்டி வெரலப் பாப்பாங்க, அதுலயும் துடிப்பு தெரியும். டாக்டரு பேரு எழுதித் தர்றேன். ஆனா ஒண்ணு. அங்க போனா கட்டாயம் சரியாயிரும்னு நான் சொல்லலைங்க. இவருக்கான அளவுல இவருக்கு இன்னும் குடுக்கவேயில்ல. அத மட்டும் சொல்லலாம்."

"அது போதும் தாயி" என்றேன்.

நாங்கள் ஏரியூர் சேரும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணப்பன் அதே கட்டிலில் அதே படத்தைப் பார்த்துக் கிடந்தான். நிர்மலாதேவி வாசல்படியில் என் முகத்தையே பார்த்தாள். ஏமாத்தித்தான் இருக்கான் என்று தலையை ஆட்டினேன். அவள் வழிவிட்டு விலகினாள்.

நேரே போய் ஆணியிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினேன்.

"கிருஷ்ணப்பா, இது உன் மூளை இல்ல."

அவன் கண் மெல்ல என் பக்கம் திரும்பியது.

"டாக்டரோட மூளை. உன் அட்டையில இருக்கற அளவும் அவனோடதுதான். உன்னுத அவன் அளக்கவே இல்ல. வலது கட்டைவெரலு துடிச்சுதுன்னு எழுதி வெச்சிருக்கான்."

அவன் துண்டை விலக்கித் தன் கையைப் பார்த்தான். கட்டைவிரல் இருந்த இடத்தில் வெறும் முண்டு. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"அப்ப மூணு நாளா நான் பாத்துக்கிட்டுக் கெடந்தது..."

"அவனுதத்தான்."

கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினான். "அப்பக் கெட்டுப்போயிக் கெடக்கறது அவரு மூளைங்களா?" என்றான்.

எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற முனாப் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு இஞ்ச் டேப்பைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். நிர்மலாதேவி அடுப்படிக்கு ஓடினாள். களிச்சட்டி உருளுகிற சத்தம் கேட்டது.

நான் கட்டிலில் உட்கார்ந்து, துண்டைப் பழையபடி அவன் கைமேல் போட்டு, உள்ளே என் கையை விட்டேன். நாலு விரல். இந்தத் தடவை எண்ணினேன்.

"திங்கக்கெழம பெங்களூரு. மொதல்ல இருந்து அளப்பாங்க. சரியாவும்னு நான் சொல்லல. சரியாவாதுன்னு சொன்னவன் பொய் சொல்லியிருக்கான், அவ்வளவுதான். என்ன சொல்ற?"

காத்திருந்தேன். சந்தையில் காத்திருக்கத் தெரியாதவன் தரகனே இல்லை.

முதலில் ஆள்காட்டி விரல் என் விரலைத் தேடி வந்தது. அப்புறம் மற்ற மூன்றும் சேர்ந்து இறுக்கின.

சந்தையில் அப்படிப் பிடித்துவிட்டால் பேரம் படிந்தது என்று அர்த்தம். அப்புறம் மாட்டுக் கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான்.